கீழிமையைக் கீழே இழுக்காதீர்

முகத்தில் கத்தி வைக்கும் தொழிலில் நன்றாக முடிந்த வேலை எவர் கண்ணிலும் படாது, சற்றுப் பிசகிய வேலையோ கடைவீதியில் எதிரே வந்து நின்று, "சௌக்கியமா?" என்று கேட்கும்.

இராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை அறையில் உதவியாளனாக வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மற்றவை எல்லாம் பார்த்தும் கேட்டும், பழைய மருத்துவ நூல்களை அகராதியின் துணையோடு வாசித்தும் நானே தேடிக்கொண்டவை. ஊர் என்னைக் கம்பவுண்டர் என்றழைக்கிறது. மருந்து கலக்குகிறவருக்குரிய அப்பெயர் எனக்குப் பொருந்தாது என்பதைப் பலருக்கும் விளக்கியிருக்கிறேன். விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "சரிங்க கம்பவுண்டரய்யா" என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களிடமிருந்து தப்பிக்கத் தூங்குவதுபோல் நடித்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். அந்தச் சக துன்பதாரர்களுக்காகவே இவற்றை எழுதுகிறேன். எங்கள் மருத்துவமனையில் கண்ணை மூடிக்கொண்டாலும் தப்ப முடிவதில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

வெளித்தையலும் உள்தையலும்

முத்துச்செல்வி மம்சாபுரத்துப் பெண். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்திலும் தேறி, மருத்துவச் சோதனை ஒன்றுக்காக மட்டும் காத்திருந்தாள். அவள் தாயார் வீட்டிலேயே நைட்டி தைத்துத் தளவாய்புரத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். தைத்த நைட்டிகளை மூட்டையாகக் கட்டி மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போன முத்துச்செல்வி, குறுக்கே வந்த நாய்க்கு வழிவிட்டு, சாலையோர மைல்கல்லுக்குத் தன் இடது கன்னத்தைக் கொடுத்துவிட்டாள். நாய்க்கு ஒன்றுமில்லை. நைட்டிகளுக்கும் ஒன்றுமில்லை.

கண் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழியின் தரை அப்பளம் போல் மெல்லியது. அது உடைந்து, கண்ணை அசைக்கும் தசை ஒன்று விரிசலில் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே பார்க்கும்போது அவளுக்கு எல்லாமே இரட்டையாகத் தெரிந்தன. கட்டிலருகே போய் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, "எம்மா, ரெண்டு கம்பவுண்டர் வந்து நிக்காவ" என்றாள். தசையை விடுவித்துத் தரையைச் சீர்செய்தாக வேண்டும்; அங்கே போவதற்குக் கீழிமையே வழி. எங்கள் டாக்டரம்மா அந்த வழியிலும் மூன்று வாசல்கள் இருப்பதைத் தாயாருக்கு எடுத்துரைத்தார். இமைமுடிக்குச் சற்றுக் கீழே தோலைக் கீறுவது ஒன்று. இமையும் கன்னமும் கூடும் மடிப்பில் கீறுவது மற்றொன்று. இமையை வெளியே விலக்கிப் பிடித்து, உட்பக்கத்துச் சவ்வில் கீறுவது மூன்றாவது. அதில் வெளியே வடு தெரியாது.

ஆனால் மைல்கல் முந்திக்கொண்டு இமைமுடிக்குக் கீழே தோலைக் கிழித்துவிட்டிருந்தது. ஒரு வாசல் திறந்து கிடக்கும்போது இன்னொன்றுக்காகச் சுவரை இடிப்பானேன் என்று, டாக்டரம்மா அதன் வழியாகவே போகத் தீர்மானித்தார். அவ்வழியில் ஒரு கவலை உண்டு. ஆறும்போது வடு சுருங்கி இமையைக் கீழே இழுத்துவிடக் கூடும். அப்படி இழுத்துக்கொண்டால் கண் முழுதாக மூடாது, நீர் வடியும், கருவிழி காயும். போலீஸ் மருத்துவச் சோதனையில் கண்ணைப் பார்க்காமல் எவரும் விடமாட்டார்கள். இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட தாயார், தம் தொழிலறிவு முழுவதையும் திரட்டிச் சொன்னது இது:

"உள்தையலாப் போட ஏலாதாம்மா? நைட்டியிலயே வெளித்தையல் தெரிஞ்சா கடைக்காரரு எடுக்க மாட்டேங்காரு."

சுட்டுவிரல் மருத்துவர்கள்

வீக்கம் குறையும்வரை சில நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாட்களில் மம்சாபுரத்திலிருந்து உறவினர் வந்தவண்ணம் இருந்தனர். நம் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர், சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்ததும் செய்கிற முதல் காரியம், நோயாளியின் கீழிமையைச் சுட்டுவிரலால் கீழே இழுத்து உள்ளே பார்ப்பது. வெளிறியிருந்தால் இரத்தமில்லை. மஞ்சளாயிருந்தால் காமாலை. சிவந்திருந்தால் சூடு. கால் முறிந்து கிடப்பவனுக்கும் இமையைத்தான் இழுத்துப் பார்ப்பார்கள். இந்த வைத்தியத்துக்குப் படிப்பு வேண்டியதில்லை. விரல் இருந்தால் போதும்.

முத்துச்செல்வி தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணில் இமையை இழுப்பது அவர்களுக்கு இன்னும் சுலபமாயிற்று. "வெளிறிக் கெடக்கு, முருங்கக் கீரை குடு" என்றார் ஒருவர். "சூடு தலைக்கு ஏறிருக்கு, வெந்தயத்த ஊறப் போடு" என்றார் அடுத்தவர். அடிபட்ட கண்ணை விட்டுவிட்டு நல்ல கண்ணைப் பார்க்கலாமே என்று நான் யோசனை கூறினேன். அதன் பிறகு இரண்டையும் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்:

"எங் கண்ணு என்ன கடை ஷட்டரா? வாரவிய எல்லாரும் இழுத்து எறக்கிப் பாக்காவ!"

அறிவிப்புப் பலகை

எழுத்தின் வலிமையில் எனக்கு என்றுமே நம்பிக்கை உண்டு. அட்டை ஒன்றை எடுத்து, 'கீழிமையைத் தொடாதீர்' என்று பிழையறப் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிட்டேன். அன்று மாலை வந்த முதல் விருந்தாளி, படிப்பில் மதிப்புள்ளவர். அட்டையின் எதிரே நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு முத்துச்செல்வியின் பக்கம் குனிந்து, அவள் இமையைச் சுட்டுவிரலால் மெல்லக் கீழே இழுத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கீழிமைன்னா இதுவா, கம்பவுண்டரய்யா?"

வத்து

எங்கள் டாக்டரம்மா இராஜபாளையத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நிதானமாக இருக்கும்போது அவருடைய தமிழில் ஒரு குறையும் காண முடியாது. பதற்றம் வந்தால் தெலுங்கு முந்திக்கொள்ளும். ஒரு காலையில் அவர் உள்ளே நுழைந்தபோது, முத்துச்செல்வியின் தாயார் மகளின் இமையை நன்றாகக் கீழே இழுத்துப் பிடித்து, முந்தானை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். "வத்தும்மா, வத்து!" என்று டாக்டரம்மா கத்தினார். தெலுங்கில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள்.

தாயாரின் முகம் மலர்ந்தது. வீக்கம் எப்போது வற்றும் என்பதே அவருடைய ஓயாத கவலை. 'வத்தும்மா' என்று டாக்டரே வாய் திறந்து சொல்லிவிட்ட பிறகு ஐயமேது? கூடுதல் ஊக்கத்தோடு இமையை இழுத்துத் துடைத்தார். டாக்டரம்மா ஓடிவந்து, "வத்து! வத்து!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தமக்கு ஆறுதல் சொல்ல டாக்டர் கையையே பிடித்துக்கொண்டதில் தாயார் உருகிப்போனார். வராந்தாவில் காத்திருந்த உறவினரிடம் அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன்:

"பாத்ததுமே சொல்லிட்டாவ, வத்தும்னு. அதையும் எம்புட்டு அழுத்தமாச் சொன்னாவங்கிய!"

கட்டாத கட்டு

வீக்கம் வற்றத்தான் செய்தது. அறுவைச் சிகிச்சை செவ்வனே முடிந்தது. மாட்டிக்கொண்ட தசை வெளியே வந்தது. உடைந்த தரையின் மேல் மெல்லிய தகடு ஒன்று வைக்கப்பட்டது. அன்றைக்கே இன்னொருவருக்கும் அதே சிகிச்சை நடந்தது. அவர் செட்டியார்பட்டிப் பக்கத்து விசைத்தறிக்காரர். தறியில் ஊடைநூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாக் கட்டை தெறித்துக் கண்ணுக்குக் கீழே அடித்துவிட்டது. சிகிச்சைக்குப் பிறகு வைத்துப் பார்க்கும் அறையில் ஆண், பெண் பிரிவு கிடையாது. ஆகவே முத்துச்செல்விக்கு அடுத்த கட்டில் அவருக்கு வாய்த்தது.

இந்தச் சிகிச்சைக்குப் பின் கண்ணைத் துணியால் கட்டி மூட மாட்டோம். உள்ளே இரத்தம் கசிந்து கண்ணின் பின்புறம் தேங்கினால் பார்வை போய்விடும், அதனால் அடிக்கடி விரலை நீட்டி, "தெரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். இதனை அவருக்கு விரிவாக விளக்கினேன். அவருக்கு மனம் ஆறவில்லை. அவர் தறியில் ஓடுவது ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒலகத்துக்கெல்லாம் கட்டுத் துணி நெய்யுதேன். எனக்கு ஒரு மொழம் கட்ட ஒங்களுக்கு மனசு வரலியே அண்ணாச்சி!"

பிசிறு

முத்துச்செல்விக்கு டாக்டரம்மா கூடுதலாக ஒன்று செய்திருந்தார். கீழிமையின் விளிம்பில் ஒரு தையல் போட்டு, அந்த நூலை மேலே கொண்டுபோய், புருவத்துக்கு மேல் நெற்றியில் பிளாஸ்திரி வைத்து ஒட்டியிருந்தார். காயம் ஆறத் தொடங்கும் நாட்களில் இமை கீழே போகாதபடி அந்த நூல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கொடியில் துணி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இது அதையொத்த ஏற்பாடு. அந்தப் பெண்ணின் காக்கிச் சட்டை அப்போது அந்த ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

தாயாருக்கு நைட்டி தைக்கும் கை. தைத்து முடித்த துணியில் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குப் பொறுக்காது. அதற்காகவே சின்ன நூல் வெட்டி ஒன்றைத் தாலிக்கயிற்றில் ஊக்குகளோடு கோத்துப் போட்டிருப்பார். சிகிச்சை முடிந்த மகளை முதன்முதலாகப் பார்க்க உள்ளே விட்டபோது நான் வாசற்பக்கம் மருந்துத் தட்டோடு நின்றேன். தாயார் மகளை உற்றுப் பார்த்தார். கண்கலங்கினார். பின்பு நெற்றியில் தொங்கிய நூலைக் கண்டார். "இம்புட்டு நல்லாத் தச்சிட்டு, பிசிற வெட்டாம விட்டுட்டாவளே" என்று முணுமுணுத்தபடி, கழுத்திலிருந்து நூல் வெட்டியை உருவினார். நான் மருந்துத் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினேன். அடுத்த கட்டிலிலிருந்து தறிக்காரர்தாம், தலையைத் தூக்கக் கூடாது என்ற கட்டளையை மீறி எழுந்து அலறினார்:

"ஏ தாயி, வெட்டிராத! அது பிசிறு இல்ல, பாவு!"

தம்

நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அறுத்தால் தறியே நின்றுவிடும் என்பது நைட்டி தைப்பவருக்கும் தெரியும். தாயார் நூல் வெட்டியைக் கழற்றி என்னிடமே ஒப்படைத்துவிட்டு அழுதார். அன்றே குடும்பத்தார் கூடிப் பேசி, முத்துச்செல்வியின் தாய்மாமனைக் காவலுக்கு அமர்த்தினார்கள். அவர் இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் வேலைக்கு விண்ணப்பம் போடச் சொன்னவரும், விடியுமுன் அவளைக் கண்மாய்க் கரையில் ஓடவிட்டவரும் அவரே. கட்டிலுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். கை நீட்டிக்கொண்டு எவர் வந்தாலும், "தம்!" என்பார். 'நில்' என்பதற்கு இராணுவக் காவலர் சொல்லும் இந்திச் சொல் அது.

மருமகள் மேலும் கண்டிப்பு குறையவில்லை. இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்று உடைந்த இடத்தின் வழியே ஏறிக் கண்ணைச் சுற்றி வீங்கிவிடும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அவள் மூக்கு சற்றுச் சுருங்கினாலே மாமா, "வாய் தெற!" என்று ஆணையிடுவார், அவளோடு தறிக்காரரும் வாயைத் திறந்துகொள்வார். ஆனால் கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தம்மை நோக்கி எழுந்த அந்த இந்திச் சொல் மட்டும் தறிக்காரருக்குப் பிடிபடவில்லை. என்னைத் தனியே அழைத்து முறையிட்டார்:

"நான் பீடியே குடிச்சதில்ல அண்ணாச்சி. என்னியப் பாத்தா மட்டும் ஏன் தம்மு தம்முங்காரு?"

பிறை

உரிய காலத்தில் நெற்றி நூலும் மற்றத் தையல்களும் எடுக்கப்பட்டன. இரட்டையாகத் தெரிந்தது நின்றது, நான் ஒருவனாகிவிட்டேன். எல்லோரும் வீடு திரும்பினார்கள். சில வாரங்கள் கழித்து முத்துச்செல்வி மறுபரிசோதனைக்கு வந்தபோது, டாக்டரம்மா அவளை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். இடக்கண்ணில் கருவிழிக்குக் கீழே, பிறை கீறியதுபோல் வெள்ளை தெரிந்தது. வடு சுருங்கத் தொடங்கியிருந்தது. இமை இறங்கியிருந்தது.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. விரலால் இமையை மேல்நோக்கி நீவி நீவி வடுவை இளக்க வேண்டும், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் இன்னொரு சிகிச்சை செய்து இமையைத் தூக்கிக் கட்ட வேண்டிவரும். சிகிச்சை காத்திருக்கும், மருத்துவச் சோதனை காத்திருக்காது. மருந்தைத் தொட்டு, மேலே பார்த்துக்கொண்டு, கன்னத்திலிருந்து இமையை மேலும் வெளியுமாகக் காதோரத்து நெற்றிப்பொட்டுவரை நீவும் முறையை நான் என் முகத்திலேயே செய்து காட்டினேன். அதுவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த பெண் அழுதுவிட்டாள். வழக்கம்போல் புறங்கையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்க் கீழ்நோக்கித் துடைக்கப் போனாள். டாக்டரம்மாவும் நானும் அவள் தாய்மாமனும் ஒரே குரலில், "மேலே! மேலே துடை!" என்றோம். கை அந்தரத்தில் நின்றது. பிறகு கன்னத்திலிருந்து கண்ணை நோக்கிக் கண்ணீரை ஏற்றித் துடைத்தாள்.

"அழுகிறதுக்குமா ரூல்சு? ட்ரெயினிங் இப்பவே ஆரம்பிச்சிட்டாவ போலுக்கு" என்றாள்.

பேருந்தில் ஒரு வணக்கம்

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருப்பவன். வேலைக்குப் பேருந்தில் போய் வருகிறேன். ஒரு நாள் காலை அதே வண்டியில் முத்துச்செல்வியும் தாயாரும் மறுபரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வீட்டிலும் வழியிலும் வரிசையிலும் அவள் இமையை நீவிக்கொண்டேயிருப்பாள் என்று தாயார் சொன்னார். நடத்துனர் எதிரே வந்து நின்றபோதும், மேலே பார்த்தபடி, விரலைக் கன்னத்திலிருந்து ஏற்றிக்கொண்டுபோய் நெற்றிப்பொட்டில் நிறுத்தினாள். நடத்துனர் திகைத்தார். தம்மை அறியாமல் அவரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சல்யூட் வைத்தார். தாயார் நெகிழ்ந்துபோய், மகள் போலீசுக்கு எடுபட்டிருக்கும் விவரத்தை அவருக்குச் சொன்னார். நடத்துனர் கையை இறக்கினார்.

"வேலையில சேந்த பொறவு சல்யூட்டு வைம்மா. இப்ப டிக்கெட்ட வாங்கு."

சோதனை

அழைப்பு வந்தது. அதற்கு முந்தைய பரிசோதனையில் பிறை கீற்றாகத் தேய்ந்திருந்தது. முழுதும் மறைந்ததா என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அவள் சோதனைக்குப் போன நாளன்று டாக்டரம்மாகூட ஓரிரு முறை வெளியே வந்து வாசலைப் பார்த்துவிட்டுப் போனார். சேதி வரவில்லை. மறுநாள் தாயாரும் ஹவில்தார் மாமாவும் நேரில் வந்து நடந்ததைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னவாறே எழுதுகிறேன்.

உயரம், எடை, பார்வை எல்லாம் பார்த்தாயிற்று. சோதனை செய்த மருத்துவர் வயதானவர். கண்ணை நேரே பார்க்கச் சொன்னார். மூடித் திறக்கச் சொன்னார். இமைக்குக் கீழிருந்த வடுவை விளக்கடித்துப் பார்த்தார். கண் முழுதாக மூடியது. 'சரி' என்று தலையசைத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். இரத்தம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க, நம் மம்சாபுரத்து உறவினர் செய்தது போலவே, சுட்டுவிரலை இடது கீழிமையில் வைத்துக் கீழே இழுக்கப் போனார். காயம் முற்றிலும் ஆறிவிட்ட நிலையில் அவர் இழுத்திருந்தாலும் ஒன்றும் நேர்ந்திராது. ஆனால் அவ்வளவு நாள் பழகிய பழக்கம் யோசிக்க நேரம் தரவில்லை. முத்துச்செல்வி அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள். பிடித்ததோடு, "தம்!" என்றும் சொல்லிவிட்டாள்.

அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்களாம். வேலை போயிற்று என்று அவளுக்கு உள்ளூரத் தெரிந்துவிட்டதாம். ஆயினும் கையை விடத் தோன்றவில்லையாம். அந்த மருத்துவர் அவள் முகத்தையும் தம் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதுகிறவரின் பக்கம் திரும்பிச் சொன்னாராம்:

"கண்ணு சரியா இருக்கு, எழுதிக்கோங்க. கையை விடும்மா, வலிக்குது."

இத்தனை கால அனுபவத்தில் நான் கண்டது: இறங்கிய இமையை ஏற்றிவைக்க நூலும் மருந்தும் நீவுதலும் இருக்கின்றன, நலம் விசாரிக்க நீளும் சுட்டுவிரலை மடக்கிவைக்கத்தான் ஒரு போலீஸ்காரி வேண்டியிருக்கிறது.